செயின் மாற்றிய விவரம்

லால்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் அசாருதீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அத்தா, நான், மருமகள் நௌஷீன் மூவரும் சுகம், அத்தாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு இடுப்பு வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் எங்கள் துஆ. நிற்க. சென்ற வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டு ஹாலில் கூடிய குடும்பத்தார், நீண்ட ஆலோசனைக்குப் பின், நீ விட்டுச் சென்ற பைக்கின் செயினை மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். தீர்மானத்தை அத்தா கொண்டுவந்தார். உன் மச்சான் முஹம்மது ஆசிக் வழிமொழிந்தான். நானும் நௌஷீனும் எதிர்க்கவில்லை. உன் கல்யாணத் தேதிக்குப் பிறகு இந்த வீட்டில் இத்தனை ஒற்றுமையாக எடுத்த முடிவு வேறு கிடையாது, கல்யாணத் தேதியிலும்கூட பந்தி விஷயத்தில் உன் பெரியத்தா கடைசிவரை தனித்தே நின்றார்.

போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நாங்கள் கேட்போம். கடிதத்தில் அந்த முறை கொஞ்சம் மாறுகிறது. தவிர, ஆசிக்கின் கூட்டாளி இன்று இரவு திருச்சியிலிருந்து சார்ஜா புறப்படுகிறான், அவன் பெட்டியில் உனக்கு ஒரு பொட்டலம் வருகிறது, பொட்டலத்தோடு ஒரு காகிதம் இருந்தால்தான் அது பொட்டலம்.

செயின் மாற்றுவதற்குக் காரணம் நீதான். குமராட்சி போகும் ரோட்டில் வாய்க்கால் ஓரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போனதால் நௌஷீனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலாண்டு லீவு முடிந்து புள்ளைகள் வந்துவிட்டார்கள், சீக்கிரம் பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்று புதன்கிழமை உனக்குச் சொன்னோம். நம் பக்கத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தோதான பஸ் இல்லை, அத்தா பைக்கில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார் என்றும் சொன்னோம். நீ, "அந்த வண்டி செயின் கடமுடான்னு சத்தம் போடுது, அதுல அத்தாவ நம்பி டெய்லி எப்புடி அனுப்புறது, நடு ரோட்ல அறுந்துச்சின்னா என்ன பண்ணுவீங்க, மொதல்ல வண்டிய பாருங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றாய். இதை நௌஷீன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே மடித்து வைத்த துணிதான். வேறு காரணம் எதையும் நீ சொல்லவில்லை, ஆகவே வேறு காரணம் இருந்திருக்காது. பி.எட். படித்த பெண் வேலைக்குப் போவதற்குக் குறுக்கே ஊரில் எத்தனையோ காரணம் வந்து நிற்கிறது, அதில் பெரும்பாலானவற்றை எந்தக் கடையிலும் கழற்றி மாட்ட முடியாது. நம் வீட்டில் வந்து நின்றது ஸ்பேனரால் தீரக்கூடிய காரணமாக இருந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மறுநாளே ஆலோசனையைக் கூட்டினேன்.

ஆலோசனையில் ஆசிக் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். செயின் நீண்டுதான் போயிருக்கிறது, ரெண்டு கண்ணியை வெட்டிவிட்டு மாட்டினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும், பல் சக்கரமெல்லாம் இரும்பு, இரும்பு எங்கே தேயப்போகிறது என்றான். அத்தாவும் அதற்குச் சாய்ந்தார். அத்தா எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வார் என்பதால் நான் காத்திருந்து கடைசியாகப் பேசினேன், மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு வெட்டலாம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை கைகாட்டிப் பக்கம் இருக்கும் மெக்கானிக் அன்புமணியிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு காய் வாங்குகிற சாக்கில் போனேன். அன்புமணி பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள், பேச்சு நின்றால் கையும் நின்றுவிடும். எந்த வண்டி வந்தாலும் இதற்கு முன்னால் பார்த்த மெக்கானிக் கெடுத்து வைத்திருக்கிறான் என்றுதான் தொடங்குவார். நம் வண்டியை இதற்கு முன்னால் பார்த்தவரும் அவரே. அவர் பின் சக்கரத்துப் பெரிய பல் சக்கரத்தின் மேலிருந்து செயினை ரெண்டு விரலால் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார், பாதிப் பல் வெளியே தெரிந்தது. புதுசாக இருந்தால் அப்படி அசையாதாம். பல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கருக்கரிவாள் முனைபோலக் கூர்மையாகியிருந்தது. ஆசிக் விடாமல் கண்ணியை வெட்டும் யோசனையைச் சொன்னான். "வெட்டிப்புடலாம் தம்பி, வெட்டுனா தேஞ்ச பல்லு மொளைக்குமா" என்று அன்புமணி கேட்டார். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல் செயினைத் தின்னும், புதுப் பல்லில் பழைய செயினைப் போட்டால் செயின் பல்லைத் தின்னும், மாற்றினால் செயின், பின்னால் இருக்கிற பெரிய பல் சக்கரம், முன்னால் இருக்கிற சின்னது மூன்றையும் சேர்த்து மாற்று, இல்லாவிட்டால் மூன்றையும் அப்படியே விட்டுவிடு என்பது அவர் கட்சி. குடும்பங்களுக்கும் இது பொருந்துமா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன், அதற்குள் கத்திரிக்காய்க்காரர் கூப்பிட்டுவிட்டார்.

ஜும்ஆவுக்குப் பிறகு வேலை நடந்தது. பின் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய பல் சக்கரத்தை மாற்றினார். இடது பக்க மூடியைத் திறந்து எஞ்சின் ஓரத்துச் சின்னப் பல் சக்கரத்தை எடுத்தபோது உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து அடைபோல் இறுகிக் கிடந்தது. எறும்பும் இருந்தது. போன மழைக்காலத்தில் அத்தா செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதை யாரும் அவரிடம் நினைவுபடுத்தவில்லை, எறும்பைப் பார்த்ததும் அவரே வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்றார். புதுச் செயினைச் சுற்றி இரண்டு முனையையும் இணைத்து, அதன்மேல் ஒரு சின்னத் தகட்டை மாட்டுகிறார்கள், நகத்தளவுதான் இருக்கும், செயின் லாக் என்கிறார்கள். ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் பிளந்தும் மீன் குஞ்சு மாதிரி இருக்கிறது. பிறகு பின் அச்சின் இரண்டு பக்கமும் இருக்கிற கோடுகள் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்த்து, அத்தாவை வண்டிமேல் உட்காரவைத்து, செயினை அடியிலிருந்து விரலால் தூக்கிப் பார்த்து, இரண்டு விரல் ஆட்டம் இருக்க வேண்டும், விறைப்பாக வைத்தாலும் கெடும், தொளதொள என்று விட்டாலும் கெடும் என்று சொல்லி முடுக்கிவிட்டார். வண்டி சத்தமில்லாமல் வீடு வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை விலகவே இல்லை, அவ்வளவு சத்தமில்லை.

இதற்குப் பிறகு நடந்ததில் உனக்கும் பங்கு உண்டு, ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். நம் ஊரில் எந்த வேலையும் வெளிநாட்டில் இருக்கிற ஆம்பளைக்கு வீடியோவில் காட்டி ஒப்புதல் வாங்காமல் முடிந்ததாக ஆகாது. எதிர் வீட்டில் சமையலறைக்கு எடுத்த வெள்ளை டைல்ஸ், கத்தாரில் பார்க்கும்போது பழுப்பாகத் தெரிகிறது என்று மூன்று தடவை கடைக்குத் திரும்பிப் போனது, கடைசியில் பல்பை மாற்றினார்கள். அந்த வழக்கப்படி நீயும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செயினைக் காட்டச் சொன்னாய். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஆசிக் போனைக் கீழே கொண்டுபோனான். மேல்பக்கம் கவர் மூடியிருக்கிறது, கீழ்க் கவர் நீ இருக்கும்போதே உடைந்துவிட்டது, ஆகையால் உனக்குத் தெரிந்தது செயினின் கீழ்ப்பாதி மட்டும்தான். லாக்கும் அப்போது கீழேதான் இருந்தது. நீ பார்த்த உடனே, "லாக்கு பின்னாடி பாத்துகிட்டு இருக்கு, எவன் மாட்டுனது இத, மூடுன பக்கம் வண்டி போற தெசைய பாக்கணும், இது கூடத் தெரியாதா, கழட்டித் திருப்பு மச்சான்" என்றாய். ஆசிக் மூக்குக் குறடை எடுத்துவிட்டான். நௌஷீன் மட்டும், "சக்கரத்த சுத்திப் பாருங்க, லாக்கு மேல போச்சின்னா தானா முன்னாடி பாக்குமே" என்றாள். ஆசிக் அவளைப் பார்த்து, "இது என்ன ஒன் கணக்கு பாடமா, போயி டீ போடு" என்றான். நீயும் அங்கிருந்து சிரித்தாய். லாக் திருப்பப்பட்டது. டீ வந்தது. டீ நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம் வைத்தோம். நௌஷீன் எந்த ரோட்டில் போக வேண்டுமோ அதே ரோட்டில், அவள் உட்கார வேண்டிய இடத்தில் நானே உட்கார்ந்து போவது என்று ஏற்பாடு. ஏரி நிறையத் தண்ணீர், காற்று சுகமாக இருந்தது, அத்தா ஓட்டுகிற வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை நலம் விசாரித்துவிட்டு முந்திப் போனார்கள். குறுவை அறுப்பு நேரம் என்பதால் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல். அந்த வைக்கோலில் ஏறி இறங்கியபோது அடியில் ஏதோ டிக்கென்று தெறித்தது. பிறகு எஞ்சின் உறுமுகிறது, வண்டி போகவில்லை. திரும்பிப் பார்த்தால் நமது புதுச் செயின் நெல்லின்மேல் நீட்டிப் படுத்திருக்கிறது. சக்கரத்தில் சிக்கிக்கொள்ளாமல் தனியாகக் கழன்று விழுந்தது அல்லாஹ் காப்பாற்றியது, அத்தாவின் வேகமும் காப்பாற்றியது. நெல்லுக்குக் காவல் இருந்த சின்னம்மாள் என்கிற அம்மா கூட்டுமாற்றோடு எழுந்து வந்து, "ஏன் பாய், நெல்லு காயிற எடத்துலதான் செயினையும் காயப் போடுவீங்களா, எண்ண ஒட்டுனா வியாபாரி தொடுவானா" என்று கேட்டார். அத்தா, ரோட்டில் நெல்லைப் போட்டதால்தான் செயின் விழுந்தது என்றார். "ரோட்ல போடாம ஒங்க மாடியிலயா போடறது, சொல்லுங்க, நாளைக்கே கொண்டாறன்" என்றார் அந்த அம்மா. அத்தா செயினைத் துண்டில் சுருட்டிக்கொண்டு அன்புமணிக்குப் போன் போட்டார். வர நேரமாகும் என்றார் அவர். வெயில் ஏறிவிட்டது, எங்களிடம் தண்ணீர் இல்லை, சின்னம்மாளிடம் இருந்ததையும் அத்தா குடித்துவிட்டார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு அந்த அம்மா கூட்டுமாற்றால் காட்டினார், வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே ஆபீஸ் திறந்திருக்கும் என்றார்.

அந்தப் பள்ளிக்கூடம்தான். செயின் வேறு எங்கு விழுந்திருந்தாலும் நான் அங்கே போயிருக்க மாட்டேன், எனக்கு அங்கே வேலையும் இல்லை. தலைமையாசிரியை பெயர் சௌந்தரம், நம் காட்டுமன்னார்கோவில்காரர். தண்ணீர் கொடுத்தார், எண்ணெய்க் கறை பட்ட என் கையைப் பார்த்துவிட்டுச் சோப்பும் கொடுத்தார். யார் என்ன என்று கேட்டபோது சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னேன். உடனே, "நல்லவேளை வந்தீங்க, ஒங்க மருமவ வருதா வரலியாம்மா, பத்தாவது புள்ளைங்களுக்குக் கணக்கு அப்படியே நிக்குது, திங்கக்கெழம வரலன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன், ஆளு ரெடியா இருக்கு" என்றார். குடும்பத்தில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் குடும்பம் வியாழக்கிழமையே கலந்துவிட்டது. எங்கள் வீட்டில் தடையாகச் சொல்லப்பட்டது மோட்டார் சைக்கிள் செயின் ஒன்றுதான், அது இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

நான் திரும்பி வந்தபோது அன்புமணி வந்துவிட்டார். செயினைக் கையில் எடுத்ததும், லாக்கை யார் கழற்றினது என்றார். லாக்கே இல்லாதபோது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம், தான் மாட்டினது கழலாது என்பதுதான் அவர் கண்டுபிடித்த தடயம். அத்தா பொய் சொல்லத் தெரியாதவர், சார்ஜாவிலிருந்து திருப்பச் சொன்னார்கள் என்றார். "சார்ஜால வண்டிய ரிவர்ஸ்ல ஓட்றாங்களா பாய்" என்று கேட்டுவிட்டு, புது லாக் ஒன்றை மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். நீ சொன்ன விதி சரிதான், அதில் உனக்குச் சங்கடம் வேண்டாம். மூடிய பக்கம் போகிற திசையைத்தான் பார்க்க வேண்டும். செயினின் மேல்பாதி வண்டி போகிற பக்கம் போகிறது, கீழ்ப்பாதி திரும்பிப் பின்பக்கம் வருகிறது, ஆகவே கீழே இருக்கும்போது லாக் பின்னால் பார்த்தால்தான் சரி. அதைத் திருப்பி மாட்டினால் பிளந்த பக்கம் முன்னால் வந்து வைக்கோலோ குச்சியோ மாட்டிப் பிடுங்கிவிடும், பிடுங்கிவிட்டது. அத்தனை தூரத்திலிருந்து பாதிச் செயினைப் பார்ப்பவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. பக்கத்தில் நின்ற ஆசிக்குக்கும் தெரியவில்லை. நேற்று மாலை அவன் தனியாக வண்டியின் அருகில் குத்துக்காலிட்டு வெகுநேரம் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எழுந்து வந்து, "அது சொன்னது சரிதான் மாமி" என்றான். அதை அவளிடமே சொல் என்றேன். சமையலறைப் பக்கம் போனான், என்ன சொன்னான் என்று தெரியாது, திரும்பி வரும்போது டீ டம்ளரை அவனே கழுவி வைத்தான்.

செயினைப் பராமரிக்கும் பொறுப்பை இனி நான் ஏற்றுக்கொண்டேன், அத்தா குனிந்தால் நிமிர நேரமாகிறது. வாரம் ஒரு தடவை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை டீசலில் நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்பக்கம் விட வேண்டும், வழிய வழிய விட்டால் மண் ஒட்டும். மழை நனைந்த அன்றைக்கெல்லாம் துடைத்து எண்ணெய் விட வேண்டும், ஐப்பசி பிறக்கப்போகிறது, அது அநேகமாகத் தினமும் என்று அர்த்தம். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கவே கூடாது, அன்புமணியின் சித்தப்பாவுக்கு ஒரு விரல் நுனி இல்லை, அதைப் பற்றி அவர் கதையாகச் சொல்வார். சக்கரத்தை நௌஷீன் கையால் சுற்ற, நான் எண்ணெய் விட, இன்று காலை முதல் தடவை செய்து பார்த்தோம். அவள் சுற்றிக்கொண்டே பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை எனக்குச் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. எண்ணெய் சரியாக விழுந்தது.

மற்றபடி ஊர் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. ஏரி மீன் மலிவு. தெருவில் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டார்கள், குழாய் போடவில்லை. பெரியத்தா உன்னை விசாரித்தார். உன் இடுப்புக்கு ஒரு யோசனை, நாள் முழுக்க சூப்பர்மார்க்கெட்டில் நின்றுவிட்டு ராத்திரி ஏசிக்கு நேர் கீழே படுக்காதே, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடு. பொட்டலத்தில் முறுக்கு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நௌஷீன் உனக்கென்று தைத்த தலையணை உறை இருக்கிறது. அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பது பழைய சின்னப் பல் சக்கரம், நன்றாகக் கழுவித்தான் வைத்தேன், முறுக்கில் வாசனை ஏறாது. கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடும்படி அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நீ வண்டியைப் பற்றி அக்கறையாகக் கேட்டதால் அனுப்புகிறேன், பல்லை விரலால் தொட்டுப் பார், நீ கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது என்று உனக்கே தெரியும். மனைவிக்குத் தனியாக ஒரு போன் செய், எங்கள் எல்லோரையும் திரையில் வைத்துக்கொண்டு பேசாதே, அவள் பேசுவாள்.

அல்லாஹ் உன் ரிஸ்கில், சம்பாத்தியத்தில் பரக்கத் செய்து, உடம்புக்கு ஆஃபியத்தைக் கொடுத்து, போன வழியிலேயே நல்லபடியாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். அத்தா ஸலாம் சொல்லச் சொன்னார். தொழுகையை விடாதே, தலையணை உறையைப் பயன்படுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

உன் நலம் நாடும்
அம்மா, ஜெய்னப்

பி.கு.: நீ காலையில் வேலைக்குப் போகிற வழியில் நௌஷீனுக்குப் போன் செய்வாயே, திங்கட்கிழமை முதல் அந்த நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். டீச்சர்கள் போனை ஆபீஸ் அறையில் கொடுத்துவிட வேண்டுமாம். சாயங்காலம் நாலரைக்குத் திருப்பித் தருவார்கள்.